பாறு காத்தல்

(தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவன் ஒருவன் எழுதியது)

நன்னூல் பயின்ற மாணவர் யாவரும் சூத்திர நிலை நான்கனுள் ஒன்று பருந்தின் வீழ்வு என்பதை அறிவர். சேய்மைக்கண் வட்டமிட்டுக்கொண்டிருந்த பருந்து, தான் கருதிய பொருளின்மேல் நேரே வந்து வீழ்ந்து அதனைக் கவர்ந்து செல்வதைப் பலகாலும் நோக்கிய ஒருவரே அப் பெயரை இட்டிருத்தல் வேண்டும். அவ்வாறே, அகப்பொருள் இலக்கணங் கூறும் நூலார் பாலைத் திணைக்குரிய புட்களை எண்ணுங்கால் பருந்து, எருவை, கழுகு என மூன்றனையும் வெவ்வேறாக வைத்து எண்ணினர். நம் முன்னோர் ஏட்டை மட்டும் பயின்றாரல்லர், வானத்தையும் பயின்றனர் என்பது இவற்றால் நன்கு விளங்கும்.

யாமோ இன்று ஏட்டைப் பயில்கின்றோம்; வானத்தை நோக்குவதில்லை. நோக்காதிருந்த அக் காலத்தே அப் பறவையினத்துள் ஒரு பெரும் பகுதி நம் நாட்டு வானத்தைவிட்டு ஏறக்குறைய மறைந்தே போயிற்று. மறைந்த பறவை யாது, அது மறைந்ததற்குக் காரணம் என்ன, எஞ்சிய சிலவற்றையேனும் காக்கும் வழி யாது என்னும் மூன்றனையும் ஆராய்வதே இச் சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பிழையும்

முதற்கண் பெயரைத் தெளிதல் வேண்டும். இக்காலத்தே கழுகு என்னும் ஒரு சொல்லால் இருவேறு பறவைகளைச் சுட்டுகின்றோம். ஒன்று, உயிருள்ள இரையைக் கூரிய நகத்தாற் பற்றிக் கொன்று தின்பது. மற்றொன்று, இறந்த விலங்கின் உடலை மட்டுமே தின்று வாழ்வது. இப் பின்னதனைப் பாறு எனவும் எருவை எனவும் பண்டையோர் வழங்கினர். எருவையின் சிவந்த செவியைச் சங்கப் புலவர் குறித்திருக்கின்றனர். இன்று செந்தலைப் பாறு என்று பறவை நூலார் வழங்கும் இனத்தை நேரிற் கண்டார்க்கு அக் குறிப்பின் நுட்பம் இனிது புலனாகும்.

வேதாகமத்தைப் படிக்கும் நம்மனோர்க்கும் இவ்வேறுபாடு பயன்படுவதொன்றாம். மீகா தீர்க்கதரிசி தம் மக்களை நோக்கித் தலையைக் கழுகின் தலைபோல மொட்டையாக்கிக்கொள்ளுமாறு கூறுமிடத்தில், அஃது எப்படி என்று யான் சிறுவயதில் மயங்கியதுண்டு. வேட்டையாடுங் கழுகிற்குத் தலை நிறைய இறகுகள் உள்ளனவன்றோ? தலையும் கழுத்தும் இறகின்றி இருப்பது பாறுக்கே உரிய இயல்பு. எபிரெய மொழியில் அவ்விடத்துள்ள சொல் பாறினத்தையே குறிக்கும் என்பது அறிஞர் பலர் கருத்து. ஆகவே, இக் கட்டுரையில் குழப்பம் நேராவண்ணம் பாறு என்னும் பழஞ்சொல்லையே யான் ஆளுகின்றேன்.

பாறின் தொழில்

பாறு எவ்வுயிரையும் கொல்வதன்று. அதன் கால் விரல்கள் இரையைப் பற்றிக் கிழிக்கும் வன்மை உடையன அல்ல. அகன்ற சிறகுகளை விரித்து, வெயிலால் மேலெழும் வெப்பக்காற்றின் துணையால் மிக உயரத்தே மிதந்து, கண்ணொளி ஒன்றனையே கருவியாகக்கொண்டு நிலத்தைத் துருவிப் பார்க்கும். ஒரு பாறு கீழிறங்குவதைக் கண்ட அளவிலே அப்பாலுள்ள மற்றொன்று இறங்கும். அதனைக் கண்டு பிறிதொன்று வரும். இவ்வாறு சிறிது நேரத்திற்குள் ஒரு பெருங்கூட்டமே வந்து கூடிவிடும். பலவாகக் கூடிய இடத்தில் ஒரு மாட்டின் உடல் ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குள் வெள்ளெலும்பாகிவிடுதல் உண்டு.

அதன் இரைப்பையில் ஊறும் அமிலம் மிகக் கடியது. அடைப்பான் முதலிய கொடிய நோய்களை விளைக்கும் நுண்ணுயிர்களும் அதன்கட் பட்டு மடிகின்றன. தலையும் கழுத்தும் மொட்டையாயிருப்பதும் அதன் தொழிலுக்கு ஏற்ற அமைப்பேயாம். குருதியும் நிணமும் அவ்விடத்தே ஒட்டித் தங்குவதற்கு இறகுகள் இல்லை. கூலி வேண்டாது, ஏவுவார் இன்றி, ஊரைத் தூய்மை செய்யும் இப் பறவையை நாம் பிணந்தின்னி என்று இகழ்கின்றோம். தமிழ்க் காவியம் பயின்றோர் அவ்வாறு இகழ்தல் தகாது. சீதையைக் காத்தற்பொருட்டு இராவணனோடு பொருது உயிர்நீத்த சடாயு இவ்வினத்தைச் சார்ந்தவன்; கம்பநாடர் அவனுக்கு அளித்த பெருமையை யாம் அறிவோம். செங்கற்பட்டை அடுத்த திருக்கழுக்குன்றம் தன் பெயரையே இப் புட்களாற் பெற்றது. நண்பகல்தோறும் அக் குன்றிற்கு இரண்டு மஞ்சள்முகப் பாறுகள் வந்து உணவு பெற்றுச் செல்லும் காட்சியைக் காண மக்கள் பல தலைமுறையாகத் திரண்டனர். 1990-களின் இறுதிக்குப் பின்னர் அவை அங்கு வருவது நின்றுபோயிற்று.

மறைவு

திருக்கழுக்குன்றத்தில் இரண்டு பறவைகள் வாராதொழிந்தது சிறு செய்தி. நாடு முழுவதும் நிகழ்ந்ததோ மிகப் பெரிது. 1985-ம் ஆண்டில் வெண்முதுகுப் பாறு என்னும் இனம், உலகிலுள்ள பெரிய ஊனுண்ணிப் பறவைகளுள் எண்ணிக்கையால் மிக்கது இதுவே போலும் என்று எழுதப்பட்டது. இந்தியாவில் பாறுகள் கோடிக்கணக்கில் இருந்தன என்பர். பெருநகரங்களின் மரங்களிலும் குப்பை மேடுகளிலும் அவை காக்கைபோல் எளிதிற் காணப்பட்டன.

1990-களில் இராசத்தானத்துப் பரத்பூரிலுள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் ஆராய்ந்துகொண்டிருந்த விபு பிரகாஷ் என்னும் பறவை நூல் அறிஞர், மரக்கிளைகளில் பாறுகள் கழுத்துத் தொங்கிச் சோர்ந்திருப்பதையும், பின்னர் வீழ்ந்து இறப்பதையும், கூடுகள் வெறுமையாவதையும் கண்டார். பிற இடங்களிலும் அவ்வாறே நிகழ்ந்தது. நெடுஞ்சாலை வழியே சென்று எண்ணிய கணக்குகளின்படி, 1992-ம் ஆண்டிற்கும் 2007-ம் ஆண்டிற்கும் இடையே வெண்முதுகுப் பாறு நூற்றுக்கு 99.9 பங்கு குறைந்தது. அஃதாவது ஆயிரம் பறவை இருந்த இடத்தில் ஒன்றே எஞ்சியது. கருங்கழுத்துப் பாறும், வடநாட்டில் வாழும் மெல்லலகுப் பாறும் சேர்ந்து நூற்றுக்கு ஏறத்தாழ 97 பங்கு குறைந்தன. வேடன் எவனும் அம்பு தொடுத்திலன், காட்டுத்தீயும் எழுந்திலது. பதினைந்தே ஆண்டுகளில் ஓர் இனம் இவ்வாறு ஒழிந்தது.

காரணம்

பாறுகள் மறைவதற்குக் காரணம் யாதென அறிஞர் பலவாறு ஐயுற்றனர். தொற்றுநோய் என்றனர் சிலர். பூச்சி மருந்து என்றனர் சிலர். இரையின்மை என்றனர் வேறு சிலர். பாக்கிஸ்தானத்துப் பஞ்சாபில் இறந்த பாறுகளை லிண்ட்சே ஓக்ஸ் என்னும் அமெரிக்க அறிஞரும் அவர்தம் துணைவரும் அறுத்து நோக்கினர். சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்புக்களின்மேல் வெண்ணிறமான யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசினாற்போலப் படிந்திருந்தது. கிருமி ஒன்றும் அகப்படவில்லை. இறுதியில், மாடுகளுக்குக் கொடுக்கும் மருந்துகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபொழுது உண்மை வெளிப்பட்டது. வீக்கமும் வலியும் தணிக்க மாடுகளுக்கு ஊசிவழி ஏற்றப்பட்ட டைக்ளோஃபெனாக் என்னும் மருந்தே பாறுகளைக் கொன்ற நஞ்சு என்பதை அவர்கள் 2004-ம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தனர்.

அம் மருந்து மாட்டிற்கு நன்மை செய்வது, மனிதர்க்கும் பயன்படுவது. ஆயினும், அஃது ஏற்றப்பட்ட மாடு சில நாட்களுக்குள் இறக்குமாயின், அதன் ஊனையும் ஈரலையும் தின்னும் பாறுக்குச் சிறுநீரகம் செயலற்றுவிடுகின்றது. மாட்டின்மேற் கொண்ட இரக்கமே பாறுக்குக் கூற்றாக முடிந்தது.

ஈண்டு ஒரு கணக்கை உற்று நோக்குதல் வேண்டும். இறந்து கிடக்கும் மாடுகளுள் நூற்றில் ஒன்றிற்கும் குறைவானவற்றில் இந் நஞ்சு இருப்பினும், அது பாறினம் முழுவதும் இவ்வளவு விரைவில் அழிவதற்குப் போதும் என்று கணித்துள்ளனர். இஃது எங்ஙனம் இயலும்? பாறுகள் தனித்து உண்பன அல்ல, கூடி உண்பன. நஞ்சுள்ள ஓர் உடலை நாற்பது பறவைகள் தின்னுமாயின் அந் நாற்பதும் மடியும். அன்றியும், இவ்வினங்கள் ஆண்டுக்கு ஒரு முட்டையே இடுகின்றன. குஞ்சு வளர்ந்து இனம் பெருக்கும் பருவம் எய்த ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. இழப்பு விரைவில் நேர்கின்றது. ஈடு மெல்ல வருகின்றது. ஆகவே, பெரும்பாலோர் அம் மருந்தை விடுத்தனர், ஒரு சிலரே வழங்குகின்றனர் என்று ஆறுதல் கொள்வதற்கு இங்கு இடமில்லை. அவ்வொரு சிலரே போதும்.

யான் கண்ட ஒன்று

கூறப்புகுந்த பொருளை விளக்குவதற்கு என் இளமையில் நிகழ்ந்த ஒன்றனைச் சொல்லுதல் பிழையாகாது என நம்புகின்றேன். எங்கள் பாட்டனார் ஊர் கொங்கு நாட்டு மலையடிவாரத்தில் உள்ளது. எனக்கு எட்டு வயதாயிருந்தபொழுது, அவருடைய பசு ஒன்று கால் வீங்கி எழ மாட்டாமற் கிடந்தது. கால்நடை மருத்துவர் வருவதற்குத் தாமதமாயிற்று. பக்கத்து வீட்டார் ஒருவர் அன்பின் மிகுதியால் மருந்துக் கடைக்குச் சென்று, மனிதர்க்கென விற்கும் பெரிய புட்டி ஒன்றை வாங்கி வந்து தாமே ஊசி போட்டார். மறுநாள் பசு இறந்துவிட்டது.

அதன் உடலை ஊர்ப்புறத்தே மந்தைக்கு அப்பாற் கொண்டுபோய் இட்டனர். பாட்டனார் நெடுநேரம் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். “கண்ணு, எங்க காலத்துல மாட்டைக் கொண்டாந்து போட்டுட்டுத் திரும்பறதுக்குள்ள வானம் முச்சூடும் பாறு நிக்கும், இப்ப ஒண்ணையும் காணோம்” என்றார். அன்று இரவெல்லாம் நாய்கள் அவ்விடத்தே குரைத்துச் சண்டையிட்டதை வீட்டிலிருந்தே கேட்டேன்.

அந்தப் புட்டி பல்லாண்டுகள் மாட்டுக் கொட்டகையின் மாடத்தில் தூசு படிந்து கிடந்தது. கல்லூரியிற் சேர்ந்து இப் பொருள்பற்றிப் படித்த பின்னர், விடுமுறையில் ஊருக்குச் சென்றபொழுது அதனை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். மேலே டைக்ளோஃபெனாக் என்று எழுதியிருந்தது. அன்று பாறு வரவில்லையே என்று பாட்டனார் வருந்தினார். வந்திருந்தால் அவை உண்டு மடிந்திருக்கும். வாராமையே நன்றாயிற்று என்று எண்ணவேண்டிய நிலைமை எனக்கு வந்ததை நினைந்து அன்று மிகவும் வெட்கினேன். எங்கள் வீட்டார் தீயவர் அல்லர். பக்கத்து வீட்டாரும் தீயவர் அல்லர். அறியாமை ஒன்றே அங்கிருந்தது.

மறைவின் விளைவு

பாறு மறைந்தால் மனிதனுக்கு என்ன குறை என்று வினவுவார் உளர். பாறு உண்ணாத ஊனை நாய்கள் உண்டன. பாறுகள் குறைந்த 1992-ம் ஆண்டு முதல் 2006-ம் ஆண்டு வரையிலான காலத்தில் நாட்டில் நாய்கள் 55 இலட்சம் வரை மிகுந்தன என்றும், அவற்றின் கடியால் உண்டான வெறிநோய்க்கு 47,000-க்கு மேற்பட்ட மக்கள் மிகையாக இறந்தனர் என்றும் ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டுள்ளது. 2024-ம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, தூய்மைக்கேட்டால் விளைந்த பிற நோய்களையும் கூட்டி, பாறுகள் மிக்கிருந்த மாவட்டங்களில் 2000 முதல் 2005 வரை ஆண்டுதோறும் ஏறத்தாழ ஓரிலட்சம் பேர் மிகையாக மடிந்தனர் எனக் கணித்துள்ளது. பம்பாயில் வாழும் பார்சி மக்கள் இறந்தோரைப் பாறுகளுக்கு அளிக்கும் தம் பழைய வழக்கத்தையே முறையாக நடத்த இயலாது இடர்ப்பட்டனர். ஒரு பறவையின் வீழ்ச்சி ஊர்நலத்தையும் ஒரு சமயத்தாரின் ஈமக்கடனையும் ஒருங்கே தாக்கியது.

காக்கும் வழி

உண்மை வெளிப்பட்டபின் அரசாங்கங்கள் வாளாவிருந்தன அல்ல. இந்தியா, நேபாளம், பாக்கிஸ்தானம் ஆகிய மூன்றும் 2006-ம் ஆண்டில் மாடுகளுக்கென டைக்ளோஃபெனாக் செய்வதைத் தடுத்தன. 2010-ல் வங்காள தேசமும் அவ்வாறு செய்தது. எனினும் மனிதர்க்குரிய பெரிய புட்டிகளை வாங்கி மாட்டிற்கு ஏற்றுதல் தொடர்ந்தது. எங்கள் ஊரில் நிகழ்ந்ததும் இதுவே. இதனைத் தடுக்க, 2015-ம் ஆண்டில் மனிதர்க்குரிய மருந்தும் ஒரு முறைக்கு மட்டும் போதுமான 3 மில்லிலிட்டர் சிறு புட்டிகளிலேயே விற்கப்படுதல் வேண்டும் என இந்திய அரசு ஆணையிட்டது. பாறுக்குத் தீங்கு செய்யும் கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபெனாக் என்னும் வேறு இரண்டு மருந்துகளும் 2023-ல் கால்நடைகட்கு விலக்கப்பட்டன.

மருந்தை விலக்கினால் மாடு துன்புறுமே என்னும் கவலை வேண்டுவதில்லை. மெலாக்சிகாம் என்னும் மருந்தும் டோல்ஃபெனாமிக் அமிலமும் மாட்டின் வீக்கத்தைத் தணிக்கின்றன. பாறுக்குத் தீங்கு செய்வதில்லை என்பது சோதனைகளால் தெளிந்த உண்மை. ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கைவிடவேண்டிய நெருக்கடி இங்கு இல்லை.

அரியானாவிலுள்ள பிஞ்சோரில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பாறுகளைக் கூண்டில் வளர்த்து இனம் பெருக்கும் நிலையம் ஒன்றனை நடத்தி வருகின்றனர்; வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் போபாலிலும் இத்தகைய நிலையங்கள் உள்ளன. ஆயினும், வெளியே நஞ்சு நீங்காதவரையில் கூண்டில் வளர்ந்தவற்றைத் திறந்துவிடுதல் அவற்றைச் சாவுக்கு விடுதலேயாம். மேலும், சிறுத்தையையும் நாயையும் கொல்லக் கருதி இறந்த ஆட்டிலும் மாட்டிலும் நஞ்சு தடவி வைப்பதும், கூடு கட்டும் உயர்ந்த மரங்களை வெட்டுவதும், மின்கம்பிகளும் பாறுக்குப் பகையாக உள்ளன.

இவ்வளவில் மனந்தளர வேண்டா. அமெரிக்காவில் டி.டி.டி. என்னும் பூச்சி மருந்தால் முட்டையோடு மெலிந்து அழியத் தொடங்கிய பைரி என்னும் வல்லூறு, 1972-ல் அம் மருந்து அங்கு விலக்கப்பட்ட பின்னர் மீண்டும் பெருகி, 1999-ல் அழிவுறும் உயிர்களின் பட்டியலினின்று நீக்கப்பட்டது. கலிபோர்னியாவின் காண்டர் என்னும் பெரும் பிணந்தின்னிப் பறவை 1982-ல் 22 என்னும் எண்ணளவிற்கு இழிந்தது. இன்று 500-க்கு மேற்பட்டவை உள்ளன. காரணத்தை அறிந்து அதனை நீக்க முயன்ற இடத்தில் பறவை திரும்ப வந்துள்ளது.

எஞ்சிய கூட்டம்

நம் தமிழ்நாட்டிலும் பாறுகள் முற்றும் அற்றுவிடவில்லை. நீலகிரிக்கும் சத்தியமங்கலக் காட்டிற்கும் இடையே ஓடும் மோயாற்றின் பள்ளத்தாக்கில், ஆற்றோரத்து உயர்ந்த நீர்மருத மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் இன்றும் கூடு கட்டுகின்றன. மலைப்பாறைகளின் விளிம்புகளில் கருங்கழுத்துப் பாறுகள் தங்குகின்றன. 2023-ம் ஆண்டு டிசம்பர் இறுதியில் தமிழ்நாடு, கேரளம், கருநாடகம் ஆகிய மூன்று நாட்டுக் காடுகளிலும் ஒரே காலத்தில் எண்ணியபொழுது 320 பாறுகள் காணப்பட்டன. அவற்றுள் வெண்முதுகுப் பாறு 217. செந்தலைப் பாறு 50. கருங்கழுத்துப் பாறு 47. மஞ்சள்முகப் பாறு 4. ஏனைய இரண்டும் வடக்கிலிருந்து வந்த வேற்றினத்தவை. தமிழக அரசு 2022-ல் பாறுகளின் பாதுகாப்பிற்கென ஒரு குழுவை அமைத்துள்ளது. கோயம்புத்தூரிலுள்ள அருளகம் முதலிய சங்கத்தார் மலையடிவார ஊர்தோறும் சென்று மருந்துக் கடையாரிடத்தும் மாடு வளர்ப்பாரிடத்தும் இச் செய்தியைக் கூறி வருகின்றனர்.

முந்நூற்றிருபது! நம் கல்லூரி மாணவர் தொகையினும் குறைந்த இவ்வெண்ணே அவ்வாண்டில் மூன்று நாட்டிலும் காணப்பட்ட செல்வம். நஞ்சு தோய்ந்த ஒரு மாட்டுடல் ஒரு நாளிலே இதில் எத்துணைப் பங்கை அழித்துவிடும் என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.

நம் கடன்

நகரத்தில் இருந்து நூல் பயிலும் மாணவர்க்கு இதில் யாது பங்கு எனின், கூறுவேன். நம்மிற் பலர் சிற்றூர்களினின்று வந்தவர்கள். நம் வீடுகளில் பசு உண்டு. இல்லையாயின் அடுத்த வீட்டில் உண்டு. விடுமுறைக்குச் செல்லுங்கால் மாட்டுக் கொட்டகையின் மாடத்தையும் ஒருமுறை பாருங்கள். மாடு நோயுற்றால் மனிதர்க்குரிய மருந்தை ஏற்றவொட்டாது தடுங்கள். கால்நடை மருத்துவரிடம் மெலாக்சிகாம் தருமாறு பணிவுடன் கேளுங்கள். இறந்த உடலில் நஞ்சு தடவுவது பிறவுயிர்களையும் கொல்லும் குற்றம் என்பதை ஊரார்க்கு எடுத்துச் சொல்லுங்கள். கற்றவர் சொல்லைக் கேட்கும் பண்பு நம் ஊர்களில் இன்னும் உளது. சென்ற கோடையில் யான் என் பாட்டனாரிடம் இவற்றைக் கூறியபொழுது, அவர் ஒன்றும் மறுமொழி கூறாது எழுந்து சென்று, பக்கத்து வீட்டாரையும் அழைத்து வந்து மீண்டும் ஒருமுறை சொல்லுமாறு பணித்தார்.

பாலைத் திணையின் கருப்பொருளை யாம் தேர்வின்பொருட்டு மனப்பாடஞ் செய்கின்றோம். நமக்குப் பின்னர் இவ்வகுப்பிற்கு வரும் மாணவர் எருவை என்னும் பெயரைப் படிக்குங்கால், ஆசிரியர் பலகணியைத் திறந்து வானத்தைச் சுட்டி, அதோ அது என்று காட்டுதல் வேண்டும். அங்ஙனம் காட்டுதற்கு ஒரு பறவையேனும் எஞ்சியிருக்குமாறு செய்வது நம் தலைமுறையார் மேலதாகிய கடனாகும்.